கைக்கு வேலை கொடுத்தோம், மனதுக்கு?

கைதிக்கு ஒரு கைத்தொழில் கற்றுக்கொடுத்தால் போதும், அவன் தானாகத் திருந்திவிடுவான் என்று எங்கள் கருத்தரங்கில் ஒரு பெரியவர் சொன்னார். அரங்கமே கைதட்டியது. எனக்கோ பூலாவ் செனாங் தீவு நினைவுக்கு வந்தது.

சிங்கப்பூரின் தெற்குக் கடலில் இருக்கும் அந்தத் தீவில் 1960இல் ஒரு புது முயற்சி தொடங்கியது. ரகசியக் கும்பல்களைச் சேர்ந்தவர்கள் என்று விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டவர்களை, அறையில் பூட்டி வைக்காமல் அங்கே வேலை செய்ய விட்டார்கள். காடாகக் கிடந்த இடத்தில் அவர்களே சாலை போட்டார்கள், வீடு கட்டினார்கள். உழைப்பே மனிதனைத் திருத்தும் என்று நம்பினார் கண்காணிப்பாளர் டேனியல் டட்டன்.

1963 ஜூலையில் படகுத்துறை வேலை தொடர்பாகத் தகராறு வந்தது. வேலை செய்ய மறுத்த தச்சர்கள் 13 பேர் சாங்கி சிறைக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். புகைந்துகொண்டிருந்த கோபம் 12ஆம் தேதி கலவரமாக வெடித்தது. தாங்கள் கட்டியதைத் தாங்களே எரித்தார்கள். டட்டனும் அவருடன் பணியாற்றிய சிலரும் கொல்லப்பட்டார்கள். அதற்காக 1965இல் 18 பேர் தூக்கிலிடப்பட்டார்கள்.

உளி பிடிக்கச் சொல்லித் தந்தவர்கள், கோபம் வந்தால் என்ன செய்வது, குறையை எப்படி எடுத்துச் சொல்வது என்பதைப் பாடமாக வைக்கவில்லை என்பதே என் கருத்து.

அந்தப் பாடத்தை வைத்துப் பார்த்த சிறையும் உண்டு. டில்லியின் திகார் சிறைக்கு 1993இல் தலைமை அதிகாரியாக வந்தார் கிரண் பேடி. பர்மாவில் பிறந்த எஸ்.என்.கோயங்கா கற்பித்து வந்த விபாசனா பயிற்சியை அங்கே கொண்டுவந்தார். பத்து நாள் பேச்சு கிடையாது. கோபம் எழும்போது மூச்சு எப்படி மாறுகிறது, உடம்பில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். உடனே கை ஓங்கக்கூடாது. அவ்வளவுதான் பாடம். 1994 ஏப்ரலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஒன்றாக அமர்ந்து அதைக் கற்றார்கள்.

பத்து நாளில் எல்லாரும் புத்தர் ஆகிவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. கைத்தொழில் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். விடுதலையாகி வருபவருக்கு வேலை கிடைக்கச் சில மாதங்கள் ஆகலாம். கோபம் வருவதற்கான சந்தர்ப்பமோ முதல் நாளே வீட்டு வாசலில் காத்திருக்கும். அந்த ஒரு நிமிடத்துக்கு அவரைத் தயார் செய்தோமா?