ஸ்பார்க் பிளக், பெட்ரோல் ஃபில்டர்: வீட்டிலேயே மாத்தலாமா? எதில் கை வைக்கலாம், எதில் வைக்கக் கூடாது? முழு விவரம்

காலையில் சாவியைத் திருப்பினால் கார் இரண்டு மூன்று முறை இருமிவிட்டுத்தான் ஸ்டார்ட் ஆகிறது. சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் வரைக்கும் ஒரு நடுக்கம். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால், "பிளக் போயிருக்கு சார், அப்படியே ஃபில்டரையும் மாத்திடலாம்" என்கிறார். எவ்வளவு ஆகும் என்று கேட்டதும், 'இதை நாமே பண்ண முடியாதா?' என்ற எண்ணம் பலருக்கும் வருகிறது. மொபைலில் தேடினால் பத்து நிமிஷ வீடியோவில் இரண்டு வேலையும் முடிந்துவிடுகிறது.

ஆனால் இந்த இரண்டும் ஒரே மாதிரியான வேலை இல்லை. பிளக் மாற்றும்போது தப்பு நடந்தால் பணம் போகும். பெட்ரோல் ஃபில்டர் மாற்றும்போது தப்பு நடந்தால் தீப்பிடிக்கும். முதல் வேலையைப் பொறுமை உள்ள யாரும் வீட்டு வாசலில் செய்யலாம். இரண்டாவதை, இப்போது ஓடும் பெரும்பாலான கார்களில், வீட்டில் தொடாமல் இருப்பதே நல்லது. ஏன்? விரிவாகப் பார்க்கலாம்.

(டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்க வண்டியில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. அதில் இருப்பது குளோ பிளக். டீசல் ஃபில்டர் மாற்றும் முறையும் வேறு. இந்தக் கட்டுரை பெட்ரோல் கார்களுக்கு மட்டும்.)

பிளக்கை எப்போது மாத்தணும்?

எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் கலந்து நிற்கும்போது அதில் தீப்பொறி போடுவதுதான் பிளக்கின் வேலை. நாளாக ஆக அதன் முனை தேய்ந்து, பொறி பாயும் இடைவெளி அகலமாகிவிடும். சாதாரண நிக்கல் முனை பிளக் பொதுவாக 20,000 முதல் 40,000 கி.மீ. வரை தாங்கும். இரிடியம், பிளாட்டினம் முனை என்றால் 1 லட்சம் கி.மீ. வரைகூட ஓடும். சரியான கணக்கு உங்க காரின் மேனுவலில் இருக்கும்; அதில் போட்டிருப்பதுதான் கடைசி வார்த்தை. சி.என்.ஜி.யில் ஓடும் கார்களில் பிளக் சீக்கிரம் தேயும் என்பதால் அதற்குத் தனிக் கணக்கு உண்டு.

'கொஞ்சம் மிஸ் அடிக்குது, அடுத்த சர்வீஸ்ல பார்த்துக்கலாம்' என்று ஓட்டிக்கொண்டே இருப்பதும் தப்பு. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், அங்கிருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும். சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய செலவு பல ஆயிரங்களுக்குப் போய்விடும். டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால், அது இந்த ஆபத்துக்கான எச்சரிக்கை.

எத்தனை பிளக் வாங்கணும்?

பெரும்பாலான கார்களில் சிலிண்டருக்கு ஒன்று. ஆல்ட்டோ கே10 என்றால் 3, பழைய 1.2 லிட்டர் ஸ்விஃப்ட் என்றால் 4. விதிவிலக்கும் உண்டு. 2000களில் வந்த ஹோண்டா சிட்டி ஐ-டிஎஸ்ஐ எஞ்சினில் சிலிண்டருக்கு 2 வீதம் மொத்தம் 8 பிளக். நாலு பிளக்கோடு வேலையை ஆரம்பித்து, பாதியில் ஸ்பேர்ஸ் கடைக்கு ஓட வேண்டாம்.

பிளக்கின் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்தும் எண்ணும் முக்கியம். திருகுமரையின் அளவு, நீளம், வெப்பத்தை வெளியே கடத்தும் வேகம் எல்லாம் அதில்தான் இருக்கிறது. 'இதுவும் அதே மாதிரிதான் சார்' என்று கடையில் எடுத்துக் கொடுப்பதை அப்படியே வாங்க வேண்டாம். நீளம் கூடினால் பிஸ்டனில் இடிக்கவும் வாய்ப்பு உண்டு. சந்தையில் போலி பிளக்குகளும் சுற்றுகின்றன. அதனால் பில் போட்டுத் தரும் கடையில் வாங்குவது நல்லது. கார் வாரண்டியில் இருந்தால் இந்த வேலையையே சர்வீஸ் சென்டருக்கு விட்டுவிடலாம்.

பிளக் மாற்றுவது எப்படி?

முதல் விதி, எஞ்சின் முழுசாக ஆறியிருக்கணும். ராத்திரி நிறுத்திய வண்டியைக் காலையில் திறப்பது உத்தமம். இப்போதைய எஞ்சின்களின் ஹெட் அலுமினியம். சூட்டில் பிளக்கைக் கழற்றினால் அந்த மரை உரிந்து பிளக்கோடு வந்துவிடலாம். அப்புறம் ஹெட்டில் புது மரை போட வேண்டிவரும். நிலைமை மோசம் என்றால் ஹெட்டையே கழற்றி லேத்துக்கு அனுப்பணும். மிச்சம் பிடிக்க நினைத்ததைவிட இந்தச் செலவு பல மடங்கு.

பானெட்டைத் திறந்து பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள். எஞ்சின் மேல் பிளாஸ்டிக் மூடி இருந்தால் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு பிளக்குக்கும் மேலே ஒரு காயில் உட்கார்ந்திருக்கும். அதன் ஒயர் கனெக்டரில் உள்ள பூட்டை அமுக்கிப் பிரிக்கணும். சூட்டிலேயே கிடந்த பிளாஸ்டிக் என்பதால் முரட்டுத்தனமாக இழுத்தால் உடையும். பிறகு போல்ட்டைக் கழற்றி, காயிலை லேசாகத் திருப்பி நேராக மேலே இழுத்தால் வந்துவிடும். காயிலுக்குப் பதில் தடித்த ஒயர்கள் உள்ள பழைய கார் என்றால், ஒரு பிளக்கை முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். ஒயர் இடம் மாறினால் எஞ்சின் தாறுமாறாக வெடிக்கும், ஸ்டார்ட்டே ஆகாமலும் போகலாம்.

காயிலை எடுத்ததும் பலர் செய்யும் தவறு, உடனே ஸ்பேனரை உள்ளே விடுவது. பிளக் உட்கார்ந்திருக்கும் குழியில் மணலும் தூசியும் சேர்ந்திருக்கும். பிளக்கைக் கழற்றிய நொடி அது நேராகச் சிலிண்டருக்குள் விழும். சைக்கிள் பம்ப் போதும், முதலில் ஊதிச் சுத்தம் பண்ணிவிடுங்கள். அந்தக் குழியில் ஆயில் தேங்கியிருந்தால் டாப்பெட் கவர் பேக்கிங் போயிருக்கிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் புது பிளக் போட்டுப் பயனில்லை.

கழற்றுவதற்கு பிளக் சாக்கெட் என்றே தனியாகக் கிடைக்கும். உள்ளே ரப்பரோ காந்தமோ இருக்கும். பிளக்கைப் பிடித்துத் தூக்க அதுதான் உதவும். பல கார்களுக்கு 16 மி.மீ. சாக்கெட், சிலவற்றுக்கு 14 மி.மீ. கழற்றும்போது பாதியில் இறுக்கிப் பிடித்தால் பலம் போட வேண்டாம். சில சொட்டு துருநீக்கும் எண்ணெய் விட்டு, கொஞ்ச நேரம் காத்திருந்து, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள்.

இனி வருவதுதான் முக்கியமான கட்டம். புது பிளக்கை ராட்செட்டோடு மாட்டவே கூடாது. ஒரு சாண் நீள ரப்பர் ஹோஸ் துண்டை பிளக்கின் தலையில் செருகி, அதைப் பிடித்துத் திருப்புங்கள். மரை சரியாகப் பிடித்தால் பிளக் வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கும். கோணலாகப் பிடித்தால் ஹோஸ் வழுக்கிச் சுற்றும், மரைக்குச் சேதம் வராது. முதலில் இடப்பக்கமாகத் திருப்பி, 'டக்' என்று மரை உட்காருவது தெரிந்த பிறகு வலப்பக்கம் திருப்பினால் இன்னும் பாதுகாப்பு.

கையால் இறுகிய பிறகு டார்க் ரெஞ்ச். வாஷர் உள்ள 14 மி.மீ. மரை பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் பொதுவாக 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ. என்றால் 15 முதல் 20. டார்க் ரெஞ்ச் இல்லையா? வாஷர் உள்ள புது பிளக் என்றால் கையால் இறுகியதிலிருந்து அரைச் சுற்று, 14 மி.மீ.க்கு அதிகபட்சம் முக்கால் சுற்றுக்குள். வாஷர் இல்லாத கூம்பு வகைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதற்குச் சுற்றில் பதினாறில் ஒரு பங்குதான். 'இன்னும் கொஞ்சம் டைட் பண்ணிடலாம்' என்று தோன்றும். அங்கேதான் மரை போகிறது. மரையில் கிரீஸ் தடவும் பழக்கமும் வேண்டாம். வழுக்கல் கூடி, தெரியாமலேயே அதிகமாக இறுக்கிவிடுவோம்.

பழைய பிளக் என்ன சொல்லுது?

கழற்றிய பிளக்குகளை எந்தச் சிலிண்டர் என்று வரிசையாக வைத்துப் பாருங்கள். முனை வெளிர் பழுப்பு அல்லது சாம்பல் நிறமாக இருந்தால் எஞ்சின் நலம். காய்ந்த கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஈரமான எண்ணெய்ப் பசை என்றால் ஆயில் எஞ்சினுக்குள் கசிகிறது. வெள்ளையாகி, கொப்புளம் போல இருந்தால் அளவுக்கு மீறிய சூடு. கடைசி இரண்டுக்கும் மெக்கானிக் கட்டாயம் தேவை. மூன்று ஒரே மாதிரி இருந்து நாலாவது மட்டும் வேறு மாதிரி இருந்தால், பிரச்னை அந்த ஒரு சிலிண்டரில்.

பெட்ரோல் ஃபில்டர் ஏன் வேற கதை?

கார்புரேட்டர் காலத்து மாருதி 800-இல் எஞ்சின் பக்கத்திலேயே கட்டைவிரல் அளவில் ஒரு பிளாஸ்டிக் ஃபில்டர் இருக்கும். பெட்ரோல் அதில் மிகக் குறைந்த அழுத்தத்தில் ஓடும். இரண்டு கிளிப்பைத் தள்ளினால் வேலை முடிந்தது. 'ஃபில்டர் மாத்துறது சிம்பிள்' என்ற பேச்சு அந்தக் காலத்தது.

இன்ஜெக்‌ஷன் கார்களில் பெட்ரோல் லைனில் சுமார் 3 பார் அல்லது அதற்கு மேல் அழுத்தம் இருக்கும். கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைவிட இது அதிகம். எஞ்சினை அணைத்துப் பல மணி நேரம் ஆனாலும் அந்த அழுத்தம் உள்ளேயே நிற்கும். தெரியாமல் ஹோஸைக் கழற்றினால் முகத்திலும் கண்ணிலும் பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ கார்களில் எஞ்சின் பக்கத்து லைனில் 100 பாருக்கும் மேல். அங்கே யாரும் கை வைக்கவே கூடாது.

அதோடு, இப்போதைய பல கார்களில் ஃபில்டர் தனியாக வெளியே இருப்பதே இல்லை. பெட்ரோல் டேங்குக்குள், பம்ப்போடு சேர்ந்தே இருக்கும். அதை எடுக்க பின் சீட்டைத் தூக்கி, டேங்கையே திறக்கணும். அதாவது காருக்குள்ளேயே பெட்ரோல் ஆவி. இதை வீட்டில் செய்ய வேண்டாம். பல நிறுவனங்கள் இந்த வகை ஃபில்டருக்கு இத்தனை கி.மீ.க்கு ஒருமுறை என்ற கணக்கே கொடுப்பதில்லை. மேனுவலில் அப்படி எதுவும் இல்லாதபோது யாராவது 'ஃபில்டர் மாத்தணும்' என்றால், 'எங்கே இருக்கு, ஏன் மாத்தணும்?' என்று தாராளமாகக் கேளுங்கள். மேட்டில் ஏறும்போதும் வேகம் பிடிக்கும்போதும் மட்டும் இழுவை செத்துப்போவது ஃபில்டர் அடைப்பின் அடையாளம். பம்ப் பலவீனமானாலும் அதே அறிகுறிதான். பிரஷர் கேஜ் வைத்துப் பார்த்த பிறகுதான் எதையும் மாற்றணும்.

வெளியே ஃபில்டர் இருந்தால்?

வண்டிக்கு அடியிலோ எஞ்சின் அறையிலோ தனி ஃபில்டர் உள்ள கார் என்றால், அனுபவம் உள்ளவர்கள் செய்யலாம். பெட்ரோல் பம்ப்பின் ஃப்யூஸை எடுத்துவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்து, அது தானாக அணையும்வரை விடணும். இன்னும் சில நொடி செல்ஃப் அடித்தால் லைனில் மிச்ச அழுத்தமும் இறங்கும். பிறகு பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றணும். அதற்குப் பிறகும் கொஞ்சம் பெட்ரோல் சிந்தும். கண்ணாடி, கையுறை, அடியில் ஒரு தட்டு கட்டாயம். ஃபில்டர் மேல் உள்ள அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும். ஹோஸில் வெடிப்பு தெரிந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வண்டிகளின் ரப்பரைப் பதம் பார்க்கும். ஸ்டெப்னி மாத்தும் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது, ஸ்டாண்ட் வேண்டும்.

இடம் அதைவிட முக்கியம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, பள்ளத்தில் தேங்கும். அபார்ட்மென்ட் ஸ்டில்ட் பார்க்கிங், மூடிய போர்ட்டிகோ, இன்வெர்ட்டர் பக்கம், வாசலில் விளக்கோ கொசுவத்தியோ எரியும் இடம் எதுவும் சரிப்படாது. பவுடர் வகை தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கணும். எரியும் பெட்ரோலில் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும்.

மாட்டி முடித்து, ஃப்யூஸையும் பேட்டரியையும் இணைத்ததும் ஸ்டார்ட் பண்ணாமல், சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்பி சில நொடி விட்டு அணையுங்கள். இப்படி மூன்று நாலு முறை செய்தால் லைனில் பெட்ரோல் நிரம்பும். டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள். ஒரு சொட்டு ஈரம் தெரிந்தாலும் ஸ்டார்ட் செய்யக் கூடாது.

புது பிளக் போட்டும் மிஸ் அடிக்குதா?

அப்படியென்றால் காயிலைச் சந்தேகப்படலாம். எந்தச் சிலிண்டர் என்று ஸ்கேனரில் தெரிந்தால், எஞ்சினை அணைத்துவிட்டு அந்தக் காயிலை அடுத்த சிலிண்டரின் காயிலோடு இடம் மாற்றி மாட்டிப் பாருங்கள். மிஸ் அடிப்பதும் கூடவே இடம் மாறினால் கெட்டது காயில்தான். அது ஒன்றை மட்டும் வாங்கினால் போதும். அதே சிலிண்டரிலேயே நின்றால் இன்ஜெக்டரையும் கம்ப்ரஷனையும் சோதிக்க வேண்டும். அதற்கு ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போகணும். போகும்போது கழற்றிய பழைய பிளக்குகளையும் வரிசை மாறாமல் கொண்டுபோங்கள்.