நெடுஞ்சிறையும் நன்னடத்தைப் பிணையும்

குற்றம் செய்தவனை ஆண்டுக்கணக்கில் சிறையில் அடைத்து வைப்பது தொன்றுதொட்டு வந்த வழக்கம் என்றே நம்மிற் பலர் எண்ணுகிறோம். தமிழ்நாட்டு வரலாறு அவ்வாறு கூறவில்லை. சோழர் காலக் கல்வெட்டுக்களைப் பார்த்தால், வேட்டையில் அம்பு தவறி ஒருவனைக் கொன்றுவிட்டவன், கோயிலில் நந்தா விளக்கு எரிக்க ஆடுகள் அளிக்குமாறு பணிக்கப்பட்ட செய்திகள் கிடைக்கின்றன. ஒரு விளக்கிற்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள். பிழை செய்தவன் பொருளை இழந்தான், ஊரை இழக்கவில்லை. கொடிய தண்டனைகளும் அக்காலத்தில் இருந்தன என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆயினும், நெடுங்காலச் சிறைவாசத்தைப் பொதுத் தண்டனையாக்கியது ஆங்கிலேயர் ஆட்சியே. அது குற்றத்தைக் குறைத்ததா? அதற்கு மாற்று உண்டா? சேலம், நாமக்கல் சமவெளியின் வரலாற்றைக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வோம்.

சேலம் மத்தியச் சிறை 1862 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. ஏறத்தாழ அதே காலத்தில்தான் சென்னையிலிருந்து மேற்கு நோக்கிச் சென்ற இருப்புப்பாதையும் சேலத்தை எட்டியது. இவ்விரண்டும் ஒருங்கே வந்தது தற்செயலாயினும், இரண்டிற்கும் ஒரு தொடர்பு உண்டு. அதுகாறும் கடற்கரை உப்பைப் பொதிமாடுகளிலும் கழுதைகளிலும் ஏற்றி உள்நாட்டிற்குக் கொண்டுவந்து, தானியத்திற்கு மாற்றி வாழ்ந்தவர் குறவர் குலத்தினர். சீர்மரபினர் பட்டியலில் இன்றும் காணப்படும் ‘சேலம் உப்புக் குறவர்’ என்னும் பெயரே அப்பழைய தொழிலுக்குச் சான்றாகும். அரசாங்கத்தின் உப்புக் கட்டுப்பாடு ஒருபுறம், புகைவண்டி மறுபுறம். அவர்களுடைய வாணிகம் நசித்தது. அதன்மேல் 1876 முதல் 1878 வரை பெரும் பஞ்சம். சென்னை மாகாணத்தில் அப்பஞ்சம் மிகக் கடுமையாகத் தாக்கிய மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. பசி மிகுந்தபோது தானியத் திருட்டு மிகுந்தது. சிறைகள் நிரம்பி வழிந்தன. மழை பொய்த்ததற்கும் தொழில் அழிந்ததற்கும் சிறைச் சுவர் என்ன மருந்தாக இயலும்?

இந்நிலையில் அரசாங்கம் ஒரு மாற்று வழியைத் தேடியது. அது நல்ல மாற்று அன்று. வடநாட்டில் 1871 இல் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911 ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. குறவர், கள்ளர் முதலிய பல சமூகத்தார் அதன்கீழ்க் கொண்டுவரப்பெற்றனர். பதிவு செய்யப்பட்டவர் கைரேகை கொடுத்தல் வேண்டும். குறித்த வேளைகளில் தம் இருப்பைக் காவலரிடம் தெரிவித்தல் வேண்டும். அனுமதியின்றி வேற்றூர் செல்லலாகாது. சுவர் இல்லை, ஆனால் அதுவும் சிறையே. சிறைக்காவது ஒரு குற்றமும், ஒரு விசாரணையும், விடுதலை பெறும் ஒரு நாளும் உண்டு. இதற்கு மூன்றும் இல்லை. பிறப்பே போதுமானதாக இருந்தது. சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947 இல் நீக்கப்பெற்றது. இந்தியா முழுவதிலும் 1952 இல் ஒழிந்தது. சிறைக்கு மாற்று எனச் சொல்லப்படுவதெல்லாம் இரக்கம் ஆகிவிடாது என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

நல்ல மாற்றும் அதே காலத்தில் முளைத்தது. ‘சென்னைக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம்’ 1936 ஆம் ஆண்டிற்குரியதாக இயற்றப்பெற்று, 1937 ஆம் ஆண்டின் மூன்றாவது சட்டமாக வெளிவந்தது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட பின்னும், குற்றவாளியின் வயது, குணம், சூழ்நிலை ஆகியவற்றை நீதிபதி ஆராயலாம்; நன்னடத்தைக்குப் பிணை பெற்று, ஓர் அதிகாரியின் கண்காணிப்பில் அவனைத் தன் ஊரிலேயே வாழ விடலாம். குற்றப் பரம்பரைச் சட்டத்திற்கும் இதற்கும் உள்ள வேற்றுமையைக் கவனியுங்கள். அது குலத்தைப் பார்த்தது. இது ஆளைப் பார்த்தது. அதற்கு முடிவு நாள் இல்லை. இதற்குக் காலவரையறை உண்டு.

அதே 1937 இல், அக்டோபர் முதல் நாள், இராஜாஜியின் அமைச்சரவை மதுவிலக்கை முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் தொடங்கியது. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925 இல் காந்தி ஆசிரமம் நிறுவியவர் அவர். கூலிப் பணம் கள்ளுக்கடைக்குப் போவதனால் விளையும் கேட்டை நேரில் அறிந்தவர். குற்றத்தின் வேரைச் சிறைக்கு வெளியே தேடிய முயற்சி அது. ஆனால் திருட்டுச் சாராயம் என்னும் புதிய குற்றத்தையும், அதற்குரிய புதிய கைதிகளையும் அம்முயற்சி உண்டாக்கியது என்பதையும் நடுநிலையுடன் கூறத்தான் வேண்டும். வேரைத் தேடுவது சரி; தேடிய வேரை அறுக்கத் தடைச் சட்டம் ஒன்றே போதாது.

நாடு விடுதலை பெற்றபின், 1958 இல் மத்திய அரசு நன்னடத்தைச் சட்டம் ஒன்றை இயற்றியது. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களுக்கு அதன்படி நன்னடத்தைப் பிணை இல்லை. அது நியாயமே; பிறர் உயிருக்கு அஞ்சத்தக்கவனை ஊரில் உலவ விடும்படி எவரும் கேட்கவில்லை. ஏனைய குற்றங்களில், 21 வயது நிரம்பாதவனைச் சிறைக்கு அனுப்புவதாயின், அதற்குக் காரணம் எழுதுதல் வேண்டும் என்று அச்சட்டம் நீதிபதியைப் பணிக்கிறது. இழப்புற்றவருக்கு ஈடு தருமாறு ஆணையிடவும் அதில் இடம் உண்டு. இதனை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ஓர் ஏழைப் பெண்ணின் ஆட்டைத் திருடியவன் ஈராண்டு சிறையில் இருந்தால் அவளுக்கு ஆடு திரும்பி வருமா? அவன் உழைத்து ஈடு செலுத்தினால் அவளுக்கும் ஆறுதல். அவன் மனைவி மக்களும் பட்டினி கிடக்க மாட்டார்கள். 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா இன்னும் ஓர் அடி முன்சென்றுள்ளது. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள பொருளை முதன்முறை திருடியவன், அதனையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்துவிட்டால், அவனுக்குச் சமுதாயத் தொண்டே தண்டனை.

தண்டனையின் கொடுமையைக் காட்டிலும், அது தப்பாது வரும் என்னும் உறுதியே குற்றத்தைத் தடுக்கும் என்று 1764 இல் இத்தாலிய அறிஞர் பெக்காரியா எழுதினார். கடுமையாக ஓங்கி மென்மையாக அடிக்க வேண்டும் என்ற கருத்தை வள்ளுவர் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அரசனுக்கு அறிவுறுத்தியுள்ளார். ஓங்கும் கை தவறக் கூடாது. அடி மனிதனை அழிக்கக் கூடாது.

சட்டம் தன் பங்கைச் செய்துவிட்டது. நன்னடத்தை அதிகாரி மாதந்தோறும் வந்து விசாரிப்பார். வேலை கொடுக்க அவரால் இயலாது. சேலத்துத் தறிக்கூடமும் ஜவ்வரிசி ஆலையும், நாமக்கல்லின் லாரிப் பட்டறையும் கோழிப்பண்ணையும் அன்றாடம் ஆள் தேடுகின்றன. பிணையில் வந்த இளைஞன் ஒருவன் அங்கே வேலை கேட்டு நிற்கும்போது, அவன் குலத்தையோ பழைய வழக்கையோ பாராது, செய்யக்கூடிய வேலையைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளும் முதலாளி ஒருவர் இருத்தல் வேண்டும். அவர் இல்லையேல், 1937 முதல் நாம் இயற்றிய சட்டங்கள் ஏட்டிலேயே நிற்கும். அந்த இளைஞனும் 1862 இல் கட்டிய சுவருக்குள்ளேயே போய்ச் சேருவான்.