மந்தக் காலமும் மாதச் சம்பளமும்

ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை 1970களில் தோன்றியது. 1980இல் அசோக் லேலண்ட் ஆலையும் வந்தது. ஆலை வேலையே இவ்வட்டார இளைஞர்தம் கனவாயிற்று. அக்கனவை 2019ஆம் ஆண்டின் மந்தம் சோதித்தது. வண்டி விற்பனை சரியவே, செப்டம்பரில் அந்நிறுவனம் ஓசூர் ஆலைகளுக்கு ஐந்து வேலையில்லா நாட்களை அறிவித்தது. நாட்கணக்கில் கூலி பெறும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேலையில்லா நாள் கூலியில்லா நாளன்றோ?

மறு ஆண்டு கொரோனா. தமிழக அரசு ஊழியரின் அகவிலைப்படி 17 விழுக்காட்டிலேயே நிறுத்தப்பட்டது. 2022 சனவரியில்தான் 31 ஆயிற்று. இழப்புத்தான், விலைவாசி தின்றதும் உண்மை. எனினும் அடிப்படைச் சம்பளம் குறையவில்லை.

அச்சம்பளத்தில் பட்டியல் இனத்தார்க்கு 18 விழுக்காடு இடம் சட்டப்படி உண்டு. தனியார் ஆலை வாயிலில் அவ்வொதுக்கீடு இல்லை. இன்று தமிழக நகராட்சிகள் பலவற்றில் தூய்மைப் பணியும் ஒப்பந்தக்காரர் கைக்குப் போய்விட்டது. நம்மவர் மிகுதியாய் உழைக்கும் பணி அது.