ஒரு யார்க்‌ஷயர்க் குடும்பப்பெயரும் ஓர் ஆப்பிரிக்க மூதாதையும்

வடஇந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வு மாணவராகச் சேர்ந்த நாளில் நான் நிரப்பிய முதற்படிவத்திலேயே ‘குடும்பப்பெயர்’ என்றொரு கட்டம் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த எங்களில் பலரும் அதில் தந்தையின் பெயரை எழுதிவிட்டுக் கடந்துவிட்டோம். தலைமுறைதோறும் மாறும் தலைப்பெழுத்தோடு வளர்ந்த நமக்கு, ஒரே பெயர் அறுநூறு எழுநூறு ஆண்டுகளாகத் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றுகொண்டேயிருப்பது விந்தையான ஏற்பாடாகத்தான் தோன்றும். அவ்வாறு செல்லும் பெயர் தன்னோடு எதைச் சுமந்து செல்கிறது? ஓர் ஊரின் நினைவையா, ஒரு குருதிவழியையா, அல்லது வெறும் ஒலியையா? இக்கேள்விக்கு இங்கிலாந்தின் கிழக்கு யார்க்‌ஷயரைச் சேர்ந்த மிக அரிய குடும்பப்பெயர் ஒன்று தந்த விடையைப் பற்றியதே இப்பதிவு.

முதலில் பின்னணி. இங்கிலாந்தில் வழிவழிவரும் குடும்பப்பெயர்கள் 1066ஆம் ஆண்டின் நார்மானிய வெற்றிக்குப் பின்னரே வேரூன்றின. நிலவுடைமையாளர்கள் தொடங்கிவைத்த வழக்கம் படிப்படியாகக் கீழிறங்கி, ஏறத்தாழ 1400 அளவில் பெரும்பாலான குடும்பங்களை எட்டியது. அப்பெயர்களைப் பொதுவாக நால்வகைப்படுத்துவர்: இடத்தால் வந்தவை, தந்தை அல்லது தாயின் பெயரால் வந்தவை, தொழிலால் வந்தவை, பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டவை. கொல்லரைக் குறிக்கும் ‘ஸ்மித்’ ஒவ்வோர் ஊரிலும் தனித்தனியே தோன்றக்கூடியது. இன்று அப்பெயரினர் பிரித்தானியாவில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர். ‘அட்டன்பரோ’ அப்படியன்று. நாட்டிங்கம்‌ஷயரில் உள்ள ஒரு சிற்றூரின் பெயர் அது. அவ்வூரை விட்டு வெளியேறிய ஒருவரையோ சிலரையோ பிறர் அப்பெயரால் அழைத்திருக்க வேண்டும். மேற்கு யார்க்‌ஷயரின் ‘டைசன்’ இன்னும் சுவையானது. கோல்ன் பள்ளத்தாக்கில் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த டயோனிசியா என்ற பெண்ணின் சுருக்கப்பெயர் ‘டை’. அவள் மகன் ‘டையின் மகன்’. தந்தைவழிச் சின்னமாக இன்று கருதப்படும் பெயரொன்று ஒரு தாயிடமிருந்து புறப்பட்டிருக்கிறது.

இப்பெயர்கள் நிலத்தோடு எவ்வளவு இறுகப் பிணைந்துள்ளன என்பதை முறையாகக் காட்டிய முதல் நூல்களுள் ஒன்று, 1890இல் ஹென்றி கப்பி வெளியிட்ட பிரித்தானியக் குடும்பப்பெயர்களின் தாயகங்கள் பற்றிய நூல். அவர் நகரத்தாரை விட்டுவிட்டு உழவர்களின் பெயர்களை மட்டும் வணிகக் கையேடுகளிலிருந்து எண்ணினார். நிலத்தை விட்டு எளிதில் பெயராதவர்கள் அவர்களே என்பது அவர் கொண்ட காரணம். பிற்காலத்தில் 1881ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முழுவதும் எழுத்துபெயர்க்கப்பட்டபோது, ஏறத்தாழ மூன்று கோடிப் பேரின் பெயர்களை நிலப்படத்தில் இட்டுப் பார்க்க முடிந்தது. இருப்புப்பாதைகளும் ஆலைகளும் மக்களை இடம்பெயர்த்து அரை நூற்றாண்டு கடந்திருந்தும், அரிய பெயர்கள் பல தோன்றிய இடத்துக்கு அருகிலேயே திரண்டிருந்தன. டேவிட் ஹே, ஜார்ஜ் ரெட்மண்ட்ஸ் முதலிய வட்டார வரலாற்றாசிரியர்கள் இப்படங்களிலிருந்து பின்னோக்கி நடந்தனர். 1538 முதல் வைக்கப்பட்ட கோயிற்பற்றுப் பதிவேடுகள், பதினேழாம் நூற்றாண்டின் அடுப்புவரிப் பட்டியல்கள், 1377க்கும் 1381க்கும் இடைப்பட்ட தலைவரிப் பட்டியல்கள் என ஆவணங்களைத் தொடர்ந்து, ஒரு பெயரைச் சில வேளைகளில் ஒற்றைப் பண்ணைவீடு வரை கொண்டுசேர்த்தனர்.

இதிலிருந்து இயல்பாக எழும் முடிவு ஒன்றுண்டு. ஒரு பெயர் அரிதாகவும் ஒரே வட்டாரத்தில் குவிந்தும் இருந்தால், அதைத் தாங்குவோர் அனைவரும் ஒரே மூதாதையின் வழியினர் என்பதே அம்முடிவு. மரபியலும் முதலில் இதற்கு ஆதரவளித்தது. மகனுக்குத் தந்தையிடமிருந்து மட்டுமே வருவது ஒய் குரோமோசோம். பிரித்தானிய வழக்கில் குடும்பப்பெயரும் அவ்வழியே வருவதால், இரண்டையும் ஒப்பிடலாம். 2000இல் பிரையன் சைக்ஸ் தம் பெயரையே தாங்கிய 48 ஆடவர்களை ஆராய்ந்தபோது, அவர்களுள் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் ஒரே வகை ஒய் குரோமோசோமைக் கொண்டிருந்தனர். 2009இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங்கும் மார்க் ஜாப்ளிங்கும் 40 பெயர்களுக்குரிய 1,678 ஆடவர்களை ஆராய்ந்து ஒரு பொதுப்போக்கை நிறுவினர்: ஸ்மித் போன்ற பெருவழக்குப் பெயர்களில் பொது மூதாதையின் தடம் இல்லை, பெயர் அரிதாக ஆக, தடம் வலுக்கிறது.

கிழக்கு யார்க்‌ஷயர்ப் பெயரின் கதை இதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னரே, 2007இல் வெளியாகிவிட்டது. அதே லெஸ்டர்க் குழுவினர் பிரித்தானிய ஆடவர்களின் மாதிரிகளை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, ஒருவரது ஒய் குரோமோசோம் ‘ஏ1’ எனும் கிளையைச் சேர்ந்திருக்கக் கண்டனர். மனித ஒய் குரோமோசோம் மரத்தின் மிகப் பழைய கிளையாகிய ‘ஏ’ தொகுதியின் உட்பிரிவு அது. ‘ஏ’ தொகுதி ஆப்பிரிக்காவுக்கே உரியது எனக் கருதப்பட்டது; மேற்கு ஐரோப்பாவில் அதுவரை எவரிடமும் பதிவானதில்லை. ஆப்பிரிக்க மாதிரிகளோடு ஒப்பிட்டபோது அதன் தோற்றுவாய் மேற்கு ஆப்பிரிக்கா எனத் தெரிந்தது. ஆனால் அம்மனிதரோ எவ்வகையிலும் ‘உள்நாட்டு’ ஆங்கிலேயர்.

ஆய்வாளர்கள் அப்பெயரைத் தாங்கிய மற்றவர்களைத் தேடினர். ஆராயப்பட்ட 18 பேரில் எழுவரிடம் ‘ஏ1’ இருந்தது. பிறப்பு, திருமண ஆவணங்களைக் கொண்டு அவர்களை இரு குடும்ப மரங்களில் அடக்க முடிந்தது. இரண்டின் பொது மூதாதையரும் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் யார்க்‌ஷயரில் வாழ்ந்தவர்கள். ஆவணம் அங்கே நின்றுவிட்டது. குரோமோசோமின் 77 இடங்களை ஒப்பிட்டபோது, அதற்குச் சில தலைமுறைகளுக்கு முன் இரு மரங்களும் ஒரே மனிதரில் இணைந்திருக்கலாம் எனத் தெரிந்தது. அம்மனிதர் ஆப்பிரிக்காவில் பிறந்தவராக இருக்க வேண்டியதில்லை; ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒருவரின் பேரனாகவோ இன்னும் பல தலைமுறை பிந்தியவராகவோ இருந்திருக்கலாம். அக்குடும்பத்தினர் இன்றும் வாழ்பவர்கள் என்பதால் பெயரை நான் இங்கே எழுதவில்லை. நம் கேள்விக்கு அப்பெயரின் ஒலி தேவையுமில்லை.

பதினெட்டில் எழுவர் என்ற எண்ணிக்கையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நூற்றுக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நுழைந்த ஒற்றை மனிதரின் வழி, எவ்வாறு ஒரு பெயரின் ஐந்தில் இரு பங்கினை நெருங்கியது? இதற்கான கணக்கு 1870களிலேயே போடப்பட்டது. புகழ்பெற்ற குடும்பங்களின் பெயர்கள் ஏன் அழிந்துபோகின்றன என்ற கவலையுடன் பிரான்சிஸ் கால்ட்டன் எழுப்பிய வினாவுக்கு ஹென்றி வாட்சன் கணித விடை தர முயன்றார். ஒருவருக்கு மகனே பிறக்காதிருக்கலாம், ஐவர் பிறக்கலாம். இந்தத் தற்செயல் தலைமுறைதோறும் தொடர, பல வழிகள் அணைந்துபோக, எஞ்சிய சில வழிகள் பெருகுகின்றன. பெயர் சிறிதாக இருக்கும்போது இத்தற்செயலின் ஆற்றல் மிகப் பெரிது. ஸ்மித்களிடையே நுழைந்த ஒருவர் கடலில் கரைந்த துளி. இருபது பேர் தாங்கும் பெயருக்குள் நுழைந்தவரோ சில தலைமுறைகளில் அப்பெயரின் மூதாதையராகவே ஆகிவிட முடியும். பின்னாளில் ‘நற்பிறப்பியல்’ என்ற கொள்கைக்குப் பெயர்சூட்டிய கால்ட்டன் எழுப்பிய அதே வினா, குலத்தின் நிலைபேறு தகுதியால் மட்டும் அமைவதன்று, பெரிதும் தற்செயலால் அமைவது என்று காட்டும் கருவியைத் தந்திருக்கிறது.

அம்மூதாதை யார்க்‌ஷயருக்கு எவ்வாறு வந்தார்? வாய்ப்புகள் பல. ஹேட்ரியன் சுவரையொட்டிய கோட்டையொன்றில் மூன்றாம் நூற்றாண்டில் மூர் இனப் படைப்பிரிவு ஒன்று நிலைகொண்டிருந்தது. 1511இல் எட்டாம் ஹென்றியின் அவைக் கொண்டாட்டத்தைத் தீட்டிய ஓவியச்சுருளில் ஜான் பிளாங்க் என்ற கறுப்பின எக்காளக் கலைஞர் காணப்படுகிறார். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் அடிமை வணிகத்தின் விளைவாக ஆப்பிரிக்கர் ஆயிரக்கணக்கில் பிரித்தானியத் துறைமுகங்களுக்கும் பெருங்குடி மாளிகைகளுக்கும் வந்தனர்; கோயிற்பற்றுப் பதிவேடுகளில் அவர்களின் ஞானத்தீட்சைகளும் அடக்கங்களும் சிதறிக் கிடக்கின்றன. அடிமை வணிகத்தை ஒழிக்கும் சட்டத்துக்காக 1807 வரை நாடாளுமன்றத்தில் போராடிய வில்லியம் வில்பர்ஃபோர்ஸ், கிழக்கு யார்க்‌ஷயரின் ஹல் நகரில் பிறந்து யார்க்‌ஷயரின் உறுப்பினராக விளங்கியவர். அவர் பேசிக்கொண்டிருந்த நாட்களில், அதே மாவட்டத்தில், ஆப்பிரிக்க மூதாதையின் குரோமோசோமைத் தாங்கிய ஆடவர்கள் தம் வரலாறு ஏதும் அறியாதவர்களாக வாழ்ந்திருக்கலாம்.

அறியாமைக்குக் காரணமும் உயிரியலிலேயே உண்டு. பத்துத் தலைமுறை பின்னோக்கிச் சென்றால் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள் உள்ளன. தோல் நிறத்தையும் உருவத்தையும் தீர்மானிக்கும் மரபணுக்கள் தலைமுறைக்குப் பாதியாகக் கரைந்துவிடுகின்றன. ஒய் குரோமோசோம் மட்டும் ஏறக்குறைய முழுமையாக வந்துசேர்கிறது. எனவே ‘ஏ1’ அவர்களை ஆப்பிரிக்கராக்கவில்லை. 1,024 இடங்களில் ஓரிடத்தைப் பற்றி மட்டும் அது பேசுகிறது. குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த மாதிரியில் இக்குரோமோசோமைக் கண்ட புலனாய்வாளர் கறுப்பின ஆடவரொருவரைத் தேடத் தொடங்கினால் என்னவாகும் என எண்ணிப் பாருங்கள். ஒய் குரோமோசோமை மட்டும் கொண்டு ஒருவரின் நிலவழித் தோற்றத்தை முடிவுசெய்வதன் இடர்களை அவ்வாய்வே வலியுறுத்தி முடிகிறது.

அதே நேர்மையோடு குடும்பப்பெயரையும் அணுக வேண்டும். மறைவான உறவில் பிறந்த மகன், தத்துப்பிள்ளை, மனைவியின் சொத்தோடு அவள் குடும்பப் பெயரையும் ஏற்றவர், தாயின் பெயரையே பெற்ற மணமின்றிப் பிறந்த குழந்தை என, பெயருக்குள் புதுக் குருதி நுழையும் வாயில்கள் எப்போதும் திறந்தே இருந்தன. தலைமுறைக்கு இரண்டு விழுக்காடு இவ்வாறு நிகழ்ந்தது எனக் கொண்டாலும், இருபது தலைமுறைகளின் முடிவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குப் பெயர் ஒரு வழியிலும் குரோமோசோம் வேறு வழியிலும் வந்திருக்கும். அரச மரபும் இதற்கு விலக்கன்று. 2012இல் லெஸ்டரில் கண்டெடுக்கப்பட்ட மூன்றாம் ரிச்சர்டு மன்னரின் எலும்புகள், தாய்வழி உறவினரோடு பொருந்தின. ஆவணங்கள் கூறும் தந்தைவழி உறவினரின் ஒய் குரோமோசோமோடு பொருந்தவில்லை. அதை 2014இல் வெளியிட்ட குழுவுக்கும் டூரி கிங்கே தலைமை தாங்கினார்.

அப்படியானால் நிலப்படம் பொய்யா? இல்லை. 1881ஆம் ஆண்டின் படத்தில் கிழக்கு யார்க்‌ஷயரில் குவிந்திருக்கும் புள்ளிகள் மெய்யானவை, அப்பெயர் அம்மண்ணுக்குரியதுதான். ஆப்பிரிக்க மூதாதையின் வழியில் வந்த எழுவரும் எஞ்சிய பதினொருவரைப் போலவே அம்மண்ணுக்குரியவர்கள். படம் காட்டுவது, ஒரு பெயரை ஏற்று ஓரிடத்தில் வாழ்ந்தோரின் தொடர்ச்சி. அதைக் குருதியின் தொடர்ச்சி என வாசித்ததும், ‘அரிய பெயர், அசல் மண்ணின் மைந்தர்’ என முடிவுகட்டியதும் வாசித்தவரின் பிழை.

இதை இங்கே எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. இந்தியாவில் மக்கள்தொகை மரபியல் ஆய்வுகளுக்கான மாதிரிகள் பெரும்பாலும் சாதி, பழங்குடிப் பெயர்களின் அடிப்படையிலேயே திரட்டப்படுகின்றன. நம் அகமண முறை பிரித்தானியக் குடும்பப்பெயரிலிருந்து வேறுபட்ட அமைப்பு. ஆகவே முடிவுகளை அப்படியே இடம்மாற்ற முடியாது. ஆனால் முறையியல் எச்சரிக்கை பொருந்தும். ஒரு பெயரின் கீழ் நிற்பவர்களை ஒரே வழியினர் என முன்கூட்டியே கொண்டால், அந்த முன்முடிவே ஆய்வின் முடிவாகத் திரும்பிவரும். லெஸ்டர்க் குழுவினர் பெயர் சொன்னதை நம்பாமல் பதினெட்டுப் பேரையும் தனித்தனியே ஆராய்ந்தனர். பின்னர்க் குரோமோசோம் சொன்னதையும் நம்பி நின்றுவிடாமல் பதிவேடுகளைப் புரட்டினர். மரபியலும் வட்டார வரலாறும் ஒன்றையொன்று திருத்திக்கொண்ட அந்த நடைமுறையை, இத்துறைகளில் ஆய்வுக்கு வரும் மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

கருத்து வேறுபாடுகளும் திருத்தங்களும் இருப்பின் கீழே எழுதுங்கள்.