சஹானா: பலர் சேர்ந்து எழுதிய நிரல் யாருக்குச் சொந்தம்?

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிந்திய நாட்களில் யார் எந்த முகாமில் இருக்கிறார்கள், யாரைக் காணவில்லை, எங்கே உணவு போய்ச் சேரவில்லை என்ற விபரங்கள் தாள்களில் சிதறிக் கிடந்தன. அவற்றை ஒன்றுசேர்க்க, இலங்கை மென்பொருள் பொறியியலாளர்கள் தொண்டர்களாகக் கூடிச் சில வாரங்களில் ஒரு மென்பொருளை எழுதினார்கள். லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் அதை ஒருங்கிணைத்தது. பெயர் 'சஹானா'. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள்.

காணாமல் போனோர் பதிவு, முகாம் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு எல்லாம் அதில் இருந்தன. மூலநிரல் திறந்தே இருந்ததால் 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் 2010 ஹெயிட்டி நிலநடுக்கத்துக்கும் அது போய்ச் சேர்ந்தது. பல நாட்டவர்கள் அதில் வரிகள் சேர்த்தார்கள். அமெரிக்காவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்கான சமூகநல விருதை அதற்கு வழங்கியது. 2009இல் சஹானாவுக்கென்றே தனி அறக்கட்டளை உருவானது.

இப்படிப் பலர் எழுதியதற்கு உரிமையாளர் யார்? யாருக்கும் சொந்தமில்லை என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அது தவறு. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலையும் நூல், கட்டுரை போலவே பாதுகாக்கிறது. எழுதியவரின் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் உரிமை உண்டு. அதற்குப் பதிவு செய்யத் தேவையில்லை. உரிமையாளர் பிறருக்குக் கொடுக்கும் நிபந்தனையுள்ள அனுமதியே லைசென்ஸ். சஹானாவின் தொடக்க வடிவம் எல்.ஜி.பி.எல். உரிமத்தில் வந்தது: அதைத் திருத்தி விநியோகிப்பவர் திருத்தங்களையும் திறந்து வைக்கவேண்டும். பின்னர் பைதனில் எழுதப்பட்ட 'சஹானா ஈடன்' எம்.ஐ.ரி. உரிமத்தைக் கொண்டது. அதை எதற்கும் பயன்படுத்தலாம், விற்கவும் செய்யலாம். பதிப்புரிமைக் குறிப்பை மட்டும் நீக்கக்கூடாது.

நீக்கினால் என்ன ஆகும்? அமெரிக்காவில் விளையாட்டு ரயில்களை இயக்கும் திறந்த மென்பொருளின் கோப்புகளை ஒரு வணிகர் எழுதியவர்களின் பெயரின்றி எடுத்துக்கொண்டார். 'ஜேக்கப்சன் எதிர் கட்சர்' எனப்படும் அந்த வழக்கில், இலவச உரிமத்தின் நிபந்தனையை மீறுவதும் பதிப்புரிமை மீறலாகலாம் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. 2010இல் ஒரு இலட்சம் டொலர் கொடுக்க இணங்கி வழக்கு முடிந்தது.

மாத்தளையிலோ உக்குவளையிலோ வீட்டிலிருந்து கொழும்பு நிறுவனத்துக்கு நிரல் எழுதும் பிள்ளை கவனிக்கவேண்டியது வேறு. ஊழியராக வேலையின்போது எழுதியது, ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், முதலாளிக்கே சொந்தம். ஆனால் பொருளாதார உரிமை கைமாறினாலும், தன் பெயர் குறிப்பிடப்படவேண்டும் என்று கேட்கும் உரிமையை எழுதியவருக்கு அதே சட்டம் தருகிறது. நம் பிள்ளைகள் இதைக் கேட்டுப் பார்ப்பதேயில்லை. கிட்ஹப்பில் உரிமம் எதுவும் போடாமல் நிரலை ஏற்றினால் அது தானமும் ஆகாது. பிறர் பார்க்கலாம், அத்தளத்துக்குள் பிரதி வைத்துக்கொள்ளலாம், அவ்வளவே.

இனி நமக்கு மிகவும் வேண்டிய விடயம். உரிமம் நிரலைப் பற்றியது. அந்த மென்பொருளில் பதியப்படும் மனிதர்களைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. சஹானாவின் நிரல் உலகுக்குத் திறந்தது என்பதற்காக முகாமில் பதிந்த தாயின் பெயரும் ஊரும் திறந்தவை ஆகிவிடாது. போரில் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்காக இன்று யாராவது ஒரு தரவுத்தளம் அமைத்தால், சோதிப்பதற்காக உண்மையான பெயர்களையும் தொலைபேசி இலக்கங்களையும் நிரலோடு சேர்த்துப் பொதுவெளியில் ஏற்றிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. அடுத்த நாள் அழித்தாலும் போகாது. கூட்டாக எழுதுவோர் பயன்படுத்தும் 'கிட்' ஒவ்வொரு மாற்றத்தையும், செய்தவரின் பெயரோடும் நேரத்தோடும், வரலாறாக வைத்திருக்கும். எழுதியவரின் உரிமைக்குச் சாட்சியாவதும் இதே வரலாறுதான். அதிலிருந்து ஒரு பட்டியலை நீக்க வரலாற்றையே மீள எழுதவேண்டும். அதற்குள் பிரதி எடுத்தவரிடம் அது இருக்கவே செய்யும். அதனால் முதல் நாளிலிருந்தே கற்பனைப் பெயர்களை வைத்துத்தான் சோதிக்கவேண்டும்.