முடங்கியாத்தங்கரை - ஒரு கொசுவத்தி

எந்த ஊருன்னு கேட்டு, ராஜபாளையம்னு சொன்னா, அடுத்த கேள்வி நாயைப் பத்திதான் வரும். 2005-ல ஸ்டாம்ப் வேற போட்டுட்டாங்க, கேக்கவே வேணாம். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரங்களுக்குப் பால்கோவா, அதுக்கும் 2019-ல புவிசார் குறியீடு வந்தாச்சு. ஆனா நாயும் பால்கோவாவும் வர்றதுக்கு முன்னாடியே இங்க இருந்த ஒண்ணைப் பத்தி யாரும் கேக்க மாட்டாங்க. அதான் எங்க முடங்கியாறு.

மேற்குத் தொடர்ச்சி மலையில பெய்யிற மழை, அய்யனார் கோவில் பக்கமா இறங்கி வந்து எங்க ஊரைத் தொடும். வருஷம் பூரா ஓடுற ஆறு இல்ல. ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் துள்ளும், மத்த நாள்ல பேருக்கேத்த மாதிரி முடங்கிக் கிடக்கும். வைப்பாறு வடிநிலத்துல இருக்குற எல்லா ஆத்துக்கும் இதே குணம்தான்.

பாளையம்னா படை தங்குற இடம். ஊருக்குள்ளயே பழையபாளையம், புதுப்பாளையம்னு ரெண்டு இருக்கு. விஜயநகர, நாயக்கர் காலத்துல வடக்கேயிருந்து வந்த ராஜுக்கள் இங்க தங்கினதாலதான் ராஜபாளையம். இன்னைக்கும் அவங்க வீட்டுக்குள்ள தெலுங்குதான் கேக்கும். வந்தவங்க ஏன் இந்த மலையடிவாரத்தைப் பிடிச்சாங்கன்னு யோசிக்கப் பெரிய ஆராய்ச்சி வேணாம். தண்ணி இருக்குற இடத்துலதானே கூடாரம் அடிப்பாங்க!

ஆனா வருஷத்துல சில வாரம் மட்டும் ஓடுற ஆத்தை நம்பி எப்படிப் பொழைக்கிறது? அங்கதான் நம்ம முன்னோர் மூளை. ஆத்துத் தண்ணியக் கால்வாயில திருப்பி முதல் கண்மாய்ல விட்டாங்க. அது நிறைஞ்சா கலுங்கு வழியா மறுகால் பாஞ்சு அடுத்த கண்மாய்க்குப் போகும். அதுவும் நிறைஞ்சா அதுக்கடுத்தது. மடையத் திறந்து எந்த வயலுக்கு எப்பத் தண்ணின்னு பாத்துக்க நீர்பாய்ச்சின்னு ஒருத்தர். கண்மாய் நிறைஞ்சா கிணறு ஊறும். கிணறு ஊறினா மாந்தோப்பு நிக்கும். சப்பட்டை, பஞ்சவர்ணம்னு எங்க ஊர் மாம்பழத்துக்கு இருக்குற பேரெல்லாம் இந்தத் தண்ணி வாங்கிக் கொடுத்ததுதான். மலையடிவாரத்துல இருக்குற சாமிக்குப் பேரே நீர் காத்த அய்யனார். சும்மாவா வச்சாங்க?

1936-ல பி.ஏ.சி. ராமசாமி ராஜா மில்லு ஆரம்பிச்சார். அப்புறம் ஊரோட கடிகாரம் மில்லு சங்குதான். பக்கத்துல சத்திரப்பட்டியில பேண்டேஜ் துணி. நெஞ்ச துணிய வெளுக்கவும் தண்ணிதான் வேணும். எங்க அப்பத்தா ஆத்துல தண்ணி வந்துட்டா வீட்டுல குளிக்காது. துணி மூட்டையோட கிளம்பிரும், துவைக்கிறதை விட ஊர்க்கதைதான் ஜாஸ்தி நடக்கும். ஆத்து மணல்ல ஊத்து தோண்டி, கலங்கினதை இறைச்சுட்டு, தெளிஞ்சதை செரட்டையில மோந்து குடிச்சது எனக்கு இன்னும் நாக்குல இருக்கு.

அப்புறம் என்ன ஆச்சு? பெருசா ஒண்ணும் ஆகல, குழாய் வந்துச்சு. கோவிலுக்குப் போற வழியில இருக்குற ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துலயிருந்து வீட்டுக்கே தண்ணி. நல்ல விஷயம்தான், குடத்தோட நடந்த பொம்பளைங்களுக்குத்தான் அதோட அருமை தெரியும். ஆனா தண்ணி குழாய்ல வந்த அன்னிக்கே ஆத்தைத் திரும்பிப் பாக்குறதை நிறுத்திட்டோம். பாக்காத இடம் குப்பைமேடாயிரும்ல? கரையும் கொஞ்சம் கொஞ்சமா உள்ளே தள்ளிப் போச்சு. வெள்ளம் வர்றப்ப மட்டும் "ஆறு ஊருக்குள்ள வந்துருச்சு"ன்னு கத்துறோம். ஊரு ஆத்துக்குள்ள போனதை யாரும் சொல்றதில்ல.

இதே ஊர்க்காரர் பி.எஸ். குமாரசாமி ராஜா 1949-லயிருந்து 1952 வரைக்கும் சென்னை மாகாணத்துக்கே முதல்வரா இருந்தவர். பின்னாடி ஒரிசா கவர்னர். அவர் தன் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் குடுத்துட்டார். ஊருக்கு வீட்டைக் குடுத்தவர் பொறந்த மண்ணுல, ஆத்துக்கு நாலடி விட நமக்கு மனசில்ல. நானும் யோக்கியன் இல்லீங்க, எங்க வீட்டுக் குப்பையும் அங்கதான் போச்சு, ரொம்ப வருஷம்.

மேல மலை 1988-ல சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆச்சு, 2021-ல புலிகள் காப்பகமும் ஆச்சு. புலி இருந்தா காடு இருக்கும், காடு இருந்தா ஆத்துக்குத் தண்ணி இருக்கும். மேல காவலுக்கு ஆள் வந்தாச்சு. கீழ காக்க வேண்டியது நாமதான். எல்லாத்தையும் அய்யனார் தலையில கட்ட முடியாதுல்ல?

உங்க ஊர் ஆத்துக்கு என்ன பேரு மக்களே? கடைசியா எப்பக் கால் நனைச்சீங்க? சொல்லிட்டுப் போங்க.

டிஸ்கி: எங்க வீட்டுல ராஜபாளையம் நாய் இல்ல. நாட்டு நாய்தான், அதுவும் என்னைப் பாத்துதான் குரைக்கும் :-)