கிளச் தூசிக்கும் ஒரு வரலாறு உண்டு

பண்டாரவளை, தியத்தலாவைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் இது சாதாரணமான காட்சி. ஒரு வீட்டு முற்றம். பழைய லான்சரோ சிவிக்கோ முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு கட்டைகளில் நிற்கும். அடியில் ரெண்டு கால் மட்டும் தெரியும். சுற்றி நாலு பசங்க. ஒருத்தன் கையில் போன், அதில் யூடியூப். கியர் பொக்ஸ் ஒரு வழியா இறங்கியதும் எல்லார் முகத்திலும் சிரிப்பு. அப்புறம் யாராவது குனிந்து, உள்ளே படிந்திருக்கும் கறுப்புத் தூசியை வாயால் ஊதுவார்கள். கொம்பிரசர் இருந்தா அதைத்தான் பிடிப்பார்கள், ஒரே நொடியில் சுத்தம்.

அந்தத் தூசியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதற்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதில் நம்ம தேயிலைக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

முதலில், ஊவாவில் கிளச் ஏன் இவ்வளவு சீக்கிரம் போகிறது? என்ஜின் சுற்றிக்கொண்டே இருக்கும், சக்கரம் நிற்க வேண்டியிருக்கும். ரெண்டையும் பிரிக்கவும் சேர்க்கவும் நடுவில் இருக்கிற தட்டுதான் கிளச் பிளேட். பிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் இடையில் அது இறுகிப் பிடித்தால் வண்டி நகரும். பிடித்தும் பிடிக்காமலும் வழுக்கும்போதுதான் தேயும். பதுளை கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீட்டர், பண்டாரவளை 1,200 மீட்டருக்கு மேல். ரெண்டுக்கும் இடையில் ரோட்டில் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஏற்றத்தில் முன்னால் ஒரு கொழுந்து லொறி ஊர்ந்தா, பின்னால் வருகிற நாம் பிரேக் பிடிக்காமல் அரைக் கிளச்சிலேயே வண்டியைத் தொங்க விடுகிறோம். வண்டி நிற்கிற மாதிரி இருக்கும், உள்ளே பிளேட் எரிந்துகொண்டிருக்கும். அந்தக் கருகல் வாசம் பெரகல ஏறினவங்களுக்கு நல்லாவே தெரியும்.

இன்னொரு காரணம் ஃபொக்ஸ் ஹில். 1993-இல் தியத்தலாவை இராணுவக் கல்லூரியின் மைதானத்தில் அந்த ஓட்டப்பந்தயம் தொடங்கியதிலிருந்து, வேகக் கார் ஆசை இந்தப் பக்கத்துப் பசங்களின் இரத்தத்தில் ஏறிவிட்டது. பந்தயக் காருக்குப் போடுகிற கிளச் வேறு ரகம். பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் இறுக்கம் அதிகம், சாதாரண பிளேட்டுக்குப் பதிலாக உலோகமும் செரமிக்கும் கலந்த துண்டுகள் பதித்த பிளேட். சூட்டைத் தாங்கும், ஆனால் மெதுவாகப் பிடிக்கத் தெரியாது. விட்டா பிடிக்கும், இல்லாட்டி இல்லை. அதை வாங்கி ஊர் ஓடுகிற காரில் போட்டுவிட்டு, ஹப்புத்தளை ஏற்றத்தில் தவளை மாதிரி குதிக்கிறவங்களைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கும். 2024 ஏப்ரல் 21 அன்று அதே ஃபொக்ஸ் ஹில்லில் ஒரு கார் பாதையை விட்டுப் பார்வையாளர்கள் மீது பாய்ந்ததில் 7 பேர் இறந்தார்கள். அதில் ஒரு சிறுமியும் இருந்தாள். வேகத்தின் ஆபத்து எல்லார் கண்ணுக்கும் தெரிகிற ஆபத்து. நான் சொல்ல வருவது கண்ணுக்குத் தெரியாத ஒன்று.

ஆரம்ப காலக் கார்களில் கிளச் என்றால் தோல். கூம்பு வடிவ இரும்பின் மேல் மாட்டுத்தோல் சுற்றியிருக்கும். காய்ந்தா வழுக்கும், எண்ணெய் பட்டாலும் வழுக்கும். பிரேக் கதையும் அப்படித்தான். இங்கிலாந்தில் டெர்பிஷயர் மலைப்பகுதியில், இறக்கத்தில் குதிரை வண்டிச் சக்கரத்தை நிறுத்த வண்டிக்காரர்கள் பழைய சப்பாத்துகளை முட்டுக் கொடுத்தார்களாம். அதைப் பார்த்துத்தான் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவருக்கு யோசனை பிறந்தது என்று சொல்கிறார்கள். 1897-இல் அவர் தொடங்கிய கம்பெனிதான் ஃபெரோடோ. முதலில் பிசின் ஊறவைத்த பருத்தி நெசவு. அது கருகியது. 1908-இல் அவர் அஸ்பெஸ்டஸுக்கு மாறினார். நெருப்பில் எரியாது, நூலாக நெய்யலாம், விலையும் மலிவு. மலைக்கென்றே செய்த பொருள் மாதிரி! அப்புறம் பல பத்தாண்டுகளுக்கு உலகம் முழுக்க பிரேக்கிலும் கிளச்சிலும் அதுதான்.

1960-இல் தென்னாபிரிக்காவில் வாக்னர் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய்க்கும் அஸ்பெஸ்டஸுக்கும் உள்ள தொடர்பை அது காட்டியது. சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் மட்டுமில்லை, சுரங்கத்துக்குப் பக்கத்தில் சிறு வயதில் வாழ்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். இந்த நோயின் கெட்ட குணம், அது காத்திருக்கும். இன்றைக்கு மூச்சில் போனால் இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்துத்தான் தெரியும். அதனால்தான் கராஜில் யாரும் நம்ப மாட்டார்கள். 'நான் இருபது வருஷமா ஊதுறேன், எனக்கு ஒண்ணும் ஆகல்லியே' என்பார் ஒரு பாஸ். இருபது வருஷம் என்பது கணக்கே தொடங்காத காலம்.

நேர்மையாக இதையும் சொல்லணும்: கிளச் வழுக்கும் சூட்டில் அஸ்பெஸ்டஸ் நார்களில் பெரும்பகுதி வேறு கனிமமாக மாறிவிடுகிறது. ஒரு தடவை ஊதியவருக்கெல்லாம் நோய் வரும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எல்லா நாரும் மாறுவதில்லை. இவ்வளவுக்குக் கீழே போனால் பயமில்லை என்று ஒரு எல்லையும் கிடையாது.

பிரித்தானியா 1999-இல் தடை செய்தது. நம்ம கார்கள் வருகிற ஜப்பான் 2004-இல்தான் கிளச், பிரேக் உள்ளிட்ட பொருட்களில் அஸ்பெஸ்டஸைச் சட்டப்படி நிறுத்தியது. முற்றத்தில் கட்டையில் நிற்கிற லான்சர் எந்த வருஷத்தது என்று பாருங்க. 2020-இல் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரி வரை கார் வராமல் போனதில், இந்தப் பழசுகளுக்குத்தான் மறுபிறவி மேல் மறுபிறவி. உள்ளே இருக்கிற பிளேட் எப்போது, யார், எங்கே வாங்கிப் போட்டது என்று யாருக்குத் தெரியும்?

இனித் தேயிலை. 2018 ஜனவரியிலிருந்து அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி, படிப்படியாக முழுத் தடைக்குப் போவதாக இலங்கை அரசு அறிவித்திருந்தது. உலகத்துக்கு அஸ்பெஸ்டஸ் விற்கும் பெரிய நாடு ரஷ்யா. நம்ம தேயிலையை வாங்கும் முக்கிய நாடுகளில் ஒன்றும் ரஷ்யாதான். 2017 டிசம்பரில் தேயிலைப் பொதியில் ஒரு வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. சில நாட்களிலேயே இலங்கை அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாட்டை ஒத்திவைத்தது. அந்த மாதம் முடிவதற்குள் ரஷ்யாவும் தேயிலைத் தடையை நீக்கியது. வண்டு என்னவானது என்று அப்புறம் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. கொழுந்து பறித்தவர்களிடமும் யாரும் எதுவும் கேட்கவில்லை. தகரம் மாறி அஸ்பெஸ்டஸ் சீட் ஏறிய லயங்களில் படுத்துத் தூங்குகிறவர்களும் அவர்கள்தான்.

சரி, வீட்டிலேயே கிளச் மாற்றக் கூடாதா? தாராளமாக மாற்றலாம், காசும் மிச்சம், வேலையும் படியும். ஜக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீங்க, கட்டை வைங்க. கியர் பொக்ஸ் இறங்கியதும் ஊதாதீங்க, உலர்ந்த தூரிகையும் வேண்டாம். சவர்க்காரத் தண்ணீரை மெல்லத் தெளித்து, ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்க. பிரஷர் பிளேட் போல்ட்டுகளை ஒரே பக்கமாகக் கழற்றாமல் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்க, இல்லாட்டி வளைந்துவிடும். பிளேட் மாற்றும்போதே ரிலீஸ் பேரிங்கையும் மாற்றிவிடுங்க. நூறு ரூபாயைப் பார்த்து அதை விட்டவன் அடுத்த மாதமே மறுபடியும் கியர் பொக்ஸை இறக்குவான். புது பிளேட்டை நடுவில் நிறுத்த, உடைந்த கியர் பொக்ஸ் ஒன்றின் பழைய ஷாஃப்ட் போதும். புதுப் பெட்டியில் அஸ்பெஸ்டஸ் இல்லை என்று போட்டிருக்கா என்று கடையிலேயே கேளுங்க. போடாத பெட்டி மலிவாகத்தான் இருக்கும்.

வேலை முடிந்ததும் போட்டிருந்த உடுப்பை வீட்டு உடுப்போடு சேர்த்துப் போடாதீங்க. 1965-இல் லண்டனில் நியூஹவுஸ், தொம்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மீசோதீலியோமா வந்தவர்களின் வாழ்க்கையைத் தேடிப் போனார்கள். சிலர் எந்தத் தொழிற்சாலைக்குள்ளும் கால் வைத்ததே இல்லை. அஸ்பெஸ்டஸ் வேலைக்குப் போய் வந்த ஆளோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்கள், அந்த ஆளின் வேலை உடுப்பைத் துவைத்திருக்கிறார்கள்.